மழை நாளில் மின்சார ரயில்: எந்தப் பக்கம் உட்காரலாம், எங்கே நின்று பார்க்கலாம்?

தேனிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். வேலைக்காகச் சென்னை வந்து ஏழு மாதம் ஆகிறது. குரோம்பேட்டையில் தங்கி, தினமும் கிண்டிக்கு மின்சார ரயிலில் போய் வருகிறேன். எங்கள் ஊர்ப் பாதையை அகலப்பாதை ஆக்குகிறோம் என்று 2010 கடைசியில் மூடினார்கள், தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதம்தான். அதனால் ரயில் பார்த்து வளரும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை.

போன வாரம் சாயங்காலம் கிண்டியில் பெண்கள் பெட்டியில் ஏறினேன். பழவந்தாங்கல் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் தடதடவென்று ஷட்டரை இறக்கினார்கள், பெட்டி முழுக்க இருட்டு, ஈரத்துணி வாசனை, மல்லிகைப்பூ வாசனை, மேலே கூரையில் மழை அடிக்கிற சத்தம். என் ஜன்னலை மட்டும் நான் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன், பக்கத்து அக்கா ஒன்றும் சொல்லாமல் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தார். திரிசூலத்தில் பார்த்தால் மலையின் மேல்பாதியே இல்லை, மேகம் மூடியிருந்தது. குரோம்பேட்டையில் இறங்க மனமில்லாமல் தாம்பரம் வரை போய்த் திரும்பி வந்தேன்.

இப்போது எனக்குத் தெரிய வேண்டியது: நனையாமல் ஜன்னலைத் திறந்து வைக்க எந்தப் பக்கம் உட்கார வேண்டும்? ஏறாமல் சும்மா நின்று பார்க்க நல்ல இடம் எது? அப்புறம், அடுத்த நாள் காலையில் மழை விட்ட பிறகும் கிண்டிக்கு முன்னால் நாற்பது நிமிடம் நிறுத்தி வைத்தார்கள், காரணம் யாருக்கும் தெரியவில்லை. அது ஏன்?

பழைய சீசன் டிக்கெட்:

பக்கம் எது என்பது மாதத்தைப் பொறுத்தது அம்மா. ஐப்பசி, கார்த்திகை மழை கடலில் இருந்து வருவது, காற்று பெரும்பாலும் வடகிழக்கில் இருந்து அடிக்கும். தாம்பரம் பக்கம் போகும்போது உங்கள் இடதுகைப் பக்கம் சாரல் வரும், வலது பக்கம் உட்கார்ந்தால் ஷட்டரை முழுக்கத் தூக்கியே வைக்கலாம். ஆடி, ஆவணியில் சாயங்காலம் இடியோடு வருகிற மழை மேற்கே இருந்து வரும், அப்போது அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு சங்கடம், நீங்கள் சொன்ன திரிசூலம் மலை இடது பக்கம்தான் இருக்கிறது, மலையும் வேண்டும், நனையவும் கூடாது என்றால் இந்த மாதத்தில் நடக்காது. நானாக இருந்தால் நனைவேன்.

நான் தாம்பரத்தில் இருந்து கோட்டைக்கு முப்பது வருடத்துக்கு மேல் போனவன். அதில் பாதி வருடங்கள் மீட்டர்கேஜ் என்கிற பழைய குறுகிய பாதை வண்டியில். 1931ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய அந்த மின்சார வண்டிகள் 2004ல் நின்றன. பெட்டி அகலம் குறைவு, ஒரு பக்கம் அடித்த மழை எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் மடி வரை வரும். ஆபீஸ் பேப்பரை எல்லாம் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வயிற்றோடு அணைத்தபடி நிற்போம். கடைசியாக ஓடிய சமயத்தில் ஒரு நாள் வேலை எதுவும் இல்லாமல் எழும்பூர் வரை போய் வந்தேன். இன்றைக்கும் கனமழையில் ஷட்டர் இறக்குகிற அந்தச் சத்தம் கேட்டால், எனக்கு உடம்பு தானாக ஜன்னலை விட்டு நகரும்.

ஓய்வுபெற்ற சிக்னல்காரன்:

உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்கிறேன், என் பிழைப்பே அதுதான். தண்டவாளத்தில் லேசான மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். வண்டி வந்து நின்றால் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும், மின்சாரம் அந்த வழியாகத் திரும்பிவிடும், உடனே அந்தப் பகுதியில் வண்டி இருக்கிறது என்று சிக்னல் சிவப்பாகும். இப்போது ஜல்லிக்குள் சேறும் தண்ணீரும் தேங்கினால் அந்தத் தண்ணீரே மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிக்கிறது. வண்டியே இல்லாத இடத்தில் வண்டி இருப்பதாகக் காட்டும். மழை நின்றாலும் ஜல்லிக்குள் இருக்கிற தண்ணீர் வடியும் வரை அப்படித்தான். கோளாறு வந்தால் சிவப்பு விழ வேண்டும் என்றே இதை வடிவமைத்திருக்கிறார்கள், அதனால் நீங்கள் நின்ற அந்த நாற்பது நிமிடமும் பாதுகாப்பான நாற்பது நிமிடம். ஆனால் என்ன காரணம் என்று ஒரு வார்த்தை அறிவித்திருக்க வேண்டும், அந்த வருத்தம் எனக்கும் உண்டு. நடுராத்திரியில் முழங்கால் தண்ணீரில் நின்று இணைப்புப் பெட்டியைத் திறந்து துடைக்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்பது பெட்டிக்குள் இருப்பவர்களுக்குத் தெரிவதே இல்லை.

தண்ணீர் தண்டவாளத்துக்கு மேல் ஏறினால் அது வேறு கதை. மோட்டார்கள் பெட்டிக்கு அடியில், சக்கரத்தை ஒட்டி இருப்பதால் ஓட்ட மாட்டார்கள். பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவில் இருக்கிற பாலத்தில் நீர்மட்டம் ஏறினால் சென்ட்ரலுக்கு வருகிற வண்டிகளையே நிறுத்துவார்கள், 2024 அக்டோபர் மழையில் அப்படி நடந்தது. 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலன்று புறநகர் வண்டி மொத்தமும் நின்றது.

இன்னொன்று, பெருமழையை விட முதல் தூறல்தான் ஓட்டுநருக்குத் தொந்தரவு. தண்டவாளத்தில் இருக்கிற துரு, எண்ணெய், தூசி எல்லாம் தூறலில் குழைந்து வழவழப்பாகும், நன்றாகக் கொட்டினால் கழுவிக்கொண்டு போய்விடும். தூறும்போது வண்டி நிலையத்துக்குள் மெதுவாக வருவதைக் கவனியுங்கள், பிரேக்கை முன்கூட்டியே பிடிக்கிறார்கள்.

பார்க்கிற இடம் பற்றி ஒரு வேண்டுகோள். நடைமேம்பாலத்தில் நின்று பாருங்கள், ஆனால் குடையையோ செல்ஃபிக் கம்பையோ வலைக்கு வெளியே நீட்டாதீர்கள், கீழே போகிற கம்பியில் 25,000 வோல்ட். படத்துக்காகத் தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். வாசற்படியிலும் நிற்க வேண்டாம், ஈரக் கம்பி கையில் நிற்காது. நான் பார்த்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது.

கோட்டூர்புரம்:

சிக்னல் ஐயா, ரொம்ப நன்றி. இத்தனை வருடம் அந்தச் சிவப்பைப் பார்த்து எரிச்சல்தான் பட்டிருக்கிறேன்.

தங்கச்சி, நின்று பார்க்க என்றால் தூண்களின் மேல் ஓடுகிற பறக்கும் ரயில்தான். 1995ல் சேப்பாக்கம் வரை வந்து, பிறகு மயிலாப்பூர், 2007ல் வேளச்சேரி வரை நீண்டது. நிலையங்கள் பெரிது, கூட்டம் குறைவு, மழை பெய்தால் அந்தக் காலி மண்டபத்தில் சத்தம் எதிரொலிக்கும். கிரீன்வேஸ் சாலைக்கும் கோட்டூர்புரத்துக்கும் நடுவே வண்டி அடையாற்றைத் தாண்டும், அங்கே எழுந்து நில்லுங்கள். சாதாரண நாளில் கறுப்பாகத் தேங்கிக் கிடக்கிற தண்ணீர், செம்பரம்பாக்கம் ஏரியில் உபரி நீர் திறந்துவிட்டால் செம்மண் நிறத்தில் ஓடும்.

எனக்கு அதைப் பார்ப்பதில் முழுச் சந்தோஷம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பரில் அந்த ஆறு எங்கள் வீட்டுக்குள் வந்தது, தரைத்தளத்தில் ஒரு சாமான் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் மழை நாளில் அந்தப் பாலத்தில் கண்ணை மூடிக்கொள்வேன். இப்போது பார்க்கிறேன். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தூணில் அடையாளம் பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் செய்கிறேன், அம்மா அதற்காகவே காத்திருப்பார்.

சிங்கப்பெருமாள் கோயில்:

எல்லோரும் தாம்பரத்தோடு நிறுத்திவிட்டீர்கள். செங்கல்பட்டு வண்டி ஏறுங்கள். பரனூர் தாண்டியதும் கொளவாய் ஏரி வரும். மழையில் ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது, சாம்பல் நிறத்தில் ஒரே பரப்பு, நடுவில் நாரைகள் மட்டும் வெள்ளையாக நிற்கும். காலை ஆறரைக்குப் போனால் பெட்டியில் பத்துப் பேர்தான். 2025 ஏப்ரலில் இருந்து இந்தப் பாதையில் ஏசி வண்டியும் ஓடுகிறது, கதவு மூடிக்கொள்ளும், துளி நனையாது. மடிக்கணினி தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகிற நாளில் அதில்தான் போகிறேன், ஆனால் மழை பார்க்க அது சரிப்படாது. கண்ணாடி பனிபடர்ந்துவிடும், சத்தமும் கேட்காது.

இருட்டிய பிறகு ஒரு தடவை நிலையத்தில் நின்று வண்டியின் கூரையைப் பாருங்கள். ஈரக் கம்பியில் நீல நிறத்தில் பொறி பறக்கும், ஒரு நொடி நடைமேடை முழுக்க வெளிச்சமாகும்.

தேனிக்காரி:

ஞாயிற்றுக்கிழமை போய் வந்துவிட்டேன்! குரோம்பேட்டையில் 6.20க்கு ஏறினேன். வண்டலூர் வரை தூறல், கூடுவாஞ்சேரிக்குப் பிறகு கொட்டியது. சீசன் டிக்கெட் ஐயா சொன்னபடி வலது பக்கம் உட்கார்ந்தேன், மடியில் ஒரு துளி விழவில்லை. பரனூரில் எழுந்து வாசல் பக்கம் போகாமல் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று ஏரியைப் பார்த்தேன். நாரை நான்கு இருந்தது. திரும்பி வரும்போது ஊரப்பாக்கத்துக்கு முன்னால் சிவப்பு விழுந்து பன்னிரண்டு நிமிடம் நின்றோம். பக்கத்தில் ஒரு பாட்டி ஏன் நிற்கிறது என்று கேட்டார், ஜல்லியில் தண்ணீர் நிற்கிறது பாட்டி, வடிந்ததும் எடுப்பார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே மழைக்கோட்டு போட்ட இருவர் கையில் பையோடு தண்டவாளத்தை ஒட்டி நடந்து போனார்கள். பாட்டிக்கு அவர்களைக் காட்டினேன்.

கார்த்திகைக்கு அம்மா ஊரில் இருந்து வருகிறார். கோட்டூர்புரம் அண்ணா, கூட்டம் இல்லாமல் அம்மாவை உட்கார வைத்துக் கூட்டிப்போக வேளச்சேரியில் இருந்து எத்தனை மணி வண்டி நல்லது?