வண்டலூரிலிருந்து மீஞ்சூருக்கு 45 நிமிடமா? (சேலம் வெளிவட்டச் சாலை விவாதம்)

சங்ககிரி லாரிக்காரர்:
நேற்று இங்கே ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். சென்னை வெளிவட்டச் சாலையில் வண்டலூரிலிருந்து மீஞ்சூருக்கு 45 நிமிடத்தில் போய்விட்டாராம். சேலத்தில் கருப்பூரிலிருந்து உடையாப்பட்டி போவதற்கே அவ்வளவு நேரம் ஆகிறதாம். ஆகவே வடக்கே ஏற்காடு அடிவாரத்தை ஒட்டி நமக்கும் அப்படி ஒரு சாலை வேண்டுமாம்.

சாலை வேண்டுமா வேண்டாமா என்பது அப்புறம். அந்த 45 நிமிடத்துக்கு முதலில் கணக்குச் சொல்லுங்கள். சாலையின் நீளம் 62 கிலோமீட்டர். சரக்கு வண்டிக்கு அரசு விதித்த உச்ச வேகம் 80. எங்கும் நிற்காமல், பிரேக்கில் கால் வைக்காமல் போனாலும் நாற்பத்தாறரை நிமிடம். நடுவில் சுங்கச்சாவடிகள் வேறு. உங்களுக்கு மட்டும் 45 எப்படி வந்தது?

அம்மாப்பேட்டை வாசி:
எழுதியவன் நான்தான். நான் போனது காரில். லாரியில் போனேன் என்று எங்கே எழுதியிருக்கிறேன்? படிக்காமலேயே பாய்வது உங்கள் வழக்கம். விமான நிலைய விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

சங்ககிரி லாரிக்காரர்:
விமான நிலையத்தை இழுக்க வேண்டாம். காரில் போனவர் எதற்காக லாரிகளுக்குச் சாலை கேட்கிறீர்கள்? "சரக்கு வண்டிகள் ஊருக்குள் வராமல் போகும்" என்று எழுதியது உங்கள் கைதானே? லாரிக்குத்தான் சாலை என்றால் லாரியின் நேரத்தைச் சொல்ல வேண்டும். 45 நிமிடம் லாரிக்கு நடக்காது.

கோரிமேட்டுக்காரர்:
இருவரும் நேரத்தை விட்டுவிட்டு இடத்தைப் பாருங்கள். சென்னை வெளிவட்டச் சாலைக்கு 122 மீட்டர் அகலம் எடுத்தார்கள். ஆறு வழி, இருபுறமும் இணைப்புச் சாலை, நடுவில் பிற்கால ரயிலுக்கென்று தனி இடம். கன்னங்குறிச்சியில் 122 மீட்டருக்கு எங்கே போவீர்கள்? மூக்கனேரியைத் தூர்த்துவிடலாமா? கருப்பூர்ப் பக்கம் மேக்னசைட் சுரங்கக் குழிகள், குரும்பப்பட்டியில் உயிரியல் பூங்கா, அதற்கு மேல் காப்புக்காடு, அதற்கும் மேல் சேர்வராயன் மலை. சென்னைக்குக் கிழக்கே கடல் இருக்கிறது. அதனால் அவர்கள் வண்டலூரில் தொடங்கி மீஞ்சூரில் நிறுத்திக்கொண்டார்கள். நமக்கு வடக்கே மலை. மேற்கிலும் தெற்கிலும் கிழக்கிலும் புறவழிச்சாலை ஏற்கெனவே சுற்றி வருகிறது. இன்னும் என்ன?

அம்மாப்பேட்டை வாசி:
சுற்றி வருகிறதா? பெங்களூரிலிருந்து ஆத்தூர் போகிற வண்டி கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி என்று தெற்கே முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி உடையாப்பட்டிக்கு வர வேண்டும். அந்தப் புறவழிச்சாலை எத்தனை காலம் இருவழியாகவே கிடந்தது, அதில் எத்தனை உயிர் போனது என்று அம்மாப்பேட்டையில் கேளுங்கள். கோரிமேட்டில் உட்கார்ந்து மலைக்காற்று வாங்குகிறவர்களுக்கு அது தெரியாது.

கோரிமேட்டுக்காரர்:
மலைக்காற்றா! சனி, ஞாயிறுகளில் ஏற்காடு போகும் கார்கள் என் வீட்டு வாசலில்தான் வரிசை கட்டி நிற்கின்றன. ஒரு நாள் வந்து அந்தக் காற்றைக் குடித்துப் பாருங்கள்.

சங்ககிரி லாரிக்காரர்:
45 நிமிடத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. இன்னொரு கேள்வியும் கேட்கிறேன். எந்த ஆண்டு போனீர்கள்? 2014இல் திறந்தது வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரைதான். நெமிலிச்சேரிக்கு வடக்கே மீஞ்சூர் வரை 2021இல்தான் திறந்தார்கள். நெமிலிச்சேரியில் இறங்கி ஆவடிப் பக்கம் திரும்பிவிட்டு, மீஞ்சூர் வரை போனதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது என் சந்தேகம். பாதிச் சாலைக்கு 45 நிமிடம் என்றால் பொருந்துகிறது. நடுவில் டீயும் குடித்திருக்கலாம்.

எங்கள் வண்டிகள் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அந்த வழியில்தான் போகின்றன. வரதராஜபுரம் சுங்கச்சாவடியில் வண்டி நின்று நகரும் நேரம் எனக்குத் தெரியும். நசரத்பேட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து ஏறுகிற வண்டிகள் எப்படி வந்து விழும் என்பதும் தெரியும். மழைக்காலத்து இரவில், விளக்கே போடாமல் ஓரத்தில் நிறுத்தியிருக்கும் டிரெய்லர்கள் எங்கெங்கே நிற்கும் என்பதும் தெரியும். அங்கே 45 நிமிடம் என்று எழுதுகிறவர் சாலையில் போனாரா, வரைபடத்தில் விரலை வைத்துக்கொண்டு போனாரா?

அம்மாப்பேட்டை வாசி:
2023இல் போனேன். மீஞ்சூரில் உறவினர் வீட்டுக் கல்யாணம். போதுமா? பத்திரிகையின் படத்தையும் போடட்டுமா?

செவ்வாய்ப்பேட்டை வியாபாரி:
வெளிவட்டச் சாலை வந்தால் எங்கள் லீ பஜார் மொத்தச் சந்தைக்கு வரும் சரக்கு குறையும். எங்களிடம் யாராவது கேட்டீர்களா? ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலம் கட்டும்போதும் கேட்கவில்லை. 2020இல் திறந்தார்கள். வண்டிகள் மேலே பறக்கின்றன, கீழே இருக்கும் கடைக்காரர்கள் ஈ ஓட்டுகிறார்கள்.

கோரிமேட்டுக்காரர்:
அந்த மேம்பாலம் இல்லாவிட்டால் ஐந்து ரோட்டில் இன்றைக்கும் நின்றுகொண்டிருப்பீர்கள். நன்றி கெட்ட பேச்சு.

செவ்வாய்ப்பேட்டை வியாபாரி:
வாடகை கட்டுகிறவனுக்குத்தான் அது தெரியும் அண்ணா. ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு என்ன?

வாழப்பாடிக்காரன்:
சாலை வேண்டும் என்று கூசாமல் கேட்கிறீர்களே, எட்டு வழிச்சாலையை மறந்துவிட்டீர்களா? 2018இல் சென்னையிலிருந்து சேலத்துக்கு 277 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். குப்பனூர்ப் பக்கம் கல் நட வந்தபோது வயலில் விழுந்து புரண்டு அழுதது எங்கள் சனம். 2019இல் உயர்நீதிமன்றம் நிலம் எடுப்பதை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்த அறிவிக்கை செல்லும் என்றது. இப்போது நீங்கள் கேட்கும் வடக்குச் சாலையும் அதே அடிவாரத்து நிலத்தில்தான் வந்து நிற்கும். அம்மாப்பேட்டையில் வீடு கட்டியவருக்கு அடுத்தவன் தென்னந்தோப்பு வெறும் கோடு.

அம்மாப்பேட்டை வாசி:
தம்பி, நான் எட்டு வழிச்சாலையை ஆதரித்து ஒரு வரிகூட எழுதியதில்லை. யாரோ எழுதியதற்கு என்னைத் திட்டாதீர்கள்.

வாழப்பாடிக்காரன்:
எதிர்த்தும் எழுதவில்லையே.

சங்ககிரி லாரிக்காரர்:
பேச்சை மாற்றுகிறீர்கள். காரில் போனதாகச் சொன்னீர்கள். காரில் ஃபாஸ்டேக் இருக்கும். ஒவ்வொரு சாவடியிலும் பணம் கழிந்ததும் குறுஞ்செய்தி வரும், அதில் நேரம் இருக்கும். முதல் சாவடி நேரத்தையும் கடைசிச் சாவடி நேரத்தையும் இங்கே போடுங்கள். அதற்குமேல் நான் பேசவே மாட்டேன்.

அம்மாப்பேட்டை வாசி:
கார் என் மைத்துனருடையது. குறுஞ்செய்தி அவர் எண்ணுக்குத்தான் வரும்.

சங்ககிரி லாரிக்காரர்:
நினைத்தேன்.

அம்மாப்பேட்டை வாசி:
கேட்டு வாங்கிவிட்டேன். முதல் சாவடி காலை 6.12. கடைசிச் சாவடி 6.47. ஆக 35 நிமிடம். இப்போது பேச மாட்டீர்கள் அல்லவா?

சங்ககிரி லாரிக்காரர்:
முதல் சாவடி வண்டலூரில் இருக்கிறதா? கடைசிச் சாவடி மீஞ்சூரில் இருக்கிறதா? வண்டலூரில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து (சென்னை–திருச்சி நெடுஞ்சாலை) ஏறி முதல் சாவடிக்கு வந்த நேரம் எங்கே? கடைசிச் சாவடியைத் தாண்டி மீஞ்சூரில் இறங்கிய நேரம் எங்கே? மேலும் காலை ஆறு மணிக்கு எந்தச் சாலையும் காலியாகத்தான் கிடக்கும். ஆறு மணிக்குக் கொண்டலாம்பட்டிக்கு வாருங்கள், உங்கள் உடையாப்பட்டிக்கு நானே பத்தே நிமிடத்தில் கொண்டுபோய் விடுகிறேன்.

அம்மாப்பேட்டை வாசி:
பேச மாட்டேன் என்றீர்களே?

சங்ககிரி லாரிக்காரர்:
45 நிமிடத்தை நிரூபித்தால் பேச மாட்டேன் என்றேன். நீங்கள் காட்டியது 35. அதுவும் விடியற்காலையில், அடுத்தவர் காரில்.

செவ்வாய்ப்பேட்டை வியாபாரி:
லீ பஜாருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

வாழப்பாடிக்காரன்:
கொண்டலாம்பட்டியிலிருந்து உடையாப்பட்டிக்குப் பத்து நிமிடமா? சீலநாயக்கன்பட்டிச் சந்திப்பைப் பறந்து கடப்பீர்களா அண்ணா? இதற்கு என்ன கணக்கு?

சங்ககிரி லாரிக்காரர்:
தம்பி, நீ சின்னப் பையன். முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவனிடம் கணக்குக் கேட்காதே.