லாரன்ஸ் ரோடு நடைபாதையைத் தெருவிலேயே போனில் காட்ட முடியுமா?

கெடிலக்கரை:
கடலூர் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் நடைபாதையும் நிழல்மரமும் வந்தால் எப்படி இருக்கும் என்று, பகுதி சபைக் கூட்டத்துக்கு முன்பே மக்களுக்குக் காட்ட வேண்டும். வரைபடத்தை விரித்தால் யாருக்கும் புரிவதில்லை. அந்த இடத்தில் நின்று போனைத் தூக்கினால் தெரிய வேண்டும். ஆப் எழுதணுமா? ஜிபிஎஸ் போதுமா?

முப்பரிமாணம்:
ஆப் வேண்டாம், இறக்கச் சொன்னாலே ஆட்கள் நகர்ந்துவிடுவார்கள். கியூஆர் கோடு அடித்தால் பிரவுசரில் திறக்கட்டும். பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் 1 யூனிட் 1 மீட்டர் என்று வைத்து மாடலை வரையுங்கள். ஆண்ட்ராய்டுக்கு ஜிஎல்பி, ஐபோனுக்கு யூஎஸ்டிஇசட் என இரண்டு வகை முப்பரிமாணக் கோப்பும் வைத்துக்கொள்ளுங்கள். மாடல்-வியூவர் என்ற இலவச நிரல் போனுக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளும். கேமராவில் தெரியும் தெருவின் மேலேயே மாடலை வைத்துக் காட்டுவதற்குப் பெயர் ஏஆர். அதன் அளவைத் தீர்மானிக்கும் ஏஆர்-ஸ்கேலை 'ஃபிக்ஸ்டு' என்று பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் விரலால் இழுத்து மரத்தைப் பொம்மையாக்கிவிடுவார்கள், அகலத்தைப் பற்றிப் பேசவே முடியாது. கோப்பு 5 எம்பிக்குள் இருக்கட்டும். கனமெல்லாம் மரத்தின் இலையில்தான்.

சங்கிலி அளவை:
ஜிபிஎஸ்ஸை நம்பாதீர்கள். திறந்தவெளியிலேயே சுமார் 5 மீட்டர் தள்ளிப்போகும். மாடிக்கடைகளுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால் இன்னும் மோசம். நடைபாதை யாரோ ஒருவர் கடைக்குள் போய் நிற்கும். கடையை இடிக்கப் போகிறார்கள் என்று அவர் பயந்துவிட்டால் பிறகு எந்த விளக்கமும் எடுபடாது.

தரையில் சுண்ணாம்பால் 2 மீட்டர் கோடு போடுங்கள். மாடலிலும் அதே நீளத்தில் சிவப்புக் கோடு வையுங்கள். இரண்டையும் பொருத்தினால் இடம் சரியாக உட்காரும். நடைபாதையில் 10 மீட்டர் துண்டை மட்டும் காட்டினால் போதும். அதற்கு மேல் போனால் நடக்க நடக்க மாடல் நழுவும். போஸ்டரை அடையாளமாக வைத்து மாடலைக் காட்டும் மைண்ட்-ஏஆர் என்ற நிரல் இங்கே உதவாது, கேமரா போஸ்டரை விட்டுத் திரும்பினால் மாடலும் மறையும். வழவழப்பான சிமெண்ட், ஈரத்தரை, இருட்டு மூன்றிலும் போன் தரையைப் பிடிக்காது. உச்சிவெயிலில் திரையே தெரியாது. மாலை 4 மணிக்கு மேல் வையுங்கள். எல்லா போனும் ஏஆர் தாங்காது, தாங்கும் போன் இரண்டு தன்னார்வலர் கையில் இருக்கட்டும்.

வார்டு 45:
மாடலில் வெறும் மரமும் கல்லும் வைத்தால் அது பொய். தள்ளுவண்டி, நிறுத்திய பைக், கால்வாய் மூடி, டிரான்ஸ்பார்மர் எல்லாவற்றையும் வையுங்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் நடைபாதை வழிகாட்டி நெறியான ஐஆர்சி 103, தடையில்லாத அகலமாகக் குறைந்தது 1.8 மீட்டர் கேட்கிறது, கடைவீதிக்கு 2.5. இரண்டையும் தனித்தனி மாடலாகக் காட்டி, "பூக்கடை எங்கே நிற்கணும்?" என்று கேளுங்கள். "பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு எப்படித் தெரியும் என்று பார்க்க, போனை 1.2 மீட்டர் உயரத்தில் பிடித்துக் காட்டுங்கள். எந்த மாடலைப் பார்த்துச் சொன்னார் என்பதையும் சேர்த்துத் தாளில் எழுதி வாங்குங்கள், கூட்டத்தில் மனுவோடு கொடுக்க அதுதான் கைகொடுக்கும்.

கெடிலக்கரை:
நன்றி. சுண்ணாம்புக் கோட்டோடு இரண்டு மாடலையும் செய்து பார்க்கிறோம். கால்வாய் மூடிகளை முதலில் அளந்துவிடுகிறோம்.