வெளியுறவு மைனர் (துணைப் பாடம்) எடுக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தாராளமாக எடுங்கள் தம்பி. மேஜர் (முதன்மைப் பாடம்) பொருளாதாரம் என்கிறீர்கள், அதோடு நன்றாகவே ஒட்டும். நானும் வெளிநாட்டுக்குப் படிக்க வந்து அரசியல் அறிவியல் துறையில் இதே மைனரை முடித்தவன்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலகச் செய்தி தினமும் படிக்கிறோம், அது போதும் என்று வகுப்புக்குப் போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன். சோவியத் யூனியன் கியூபாவில் அணு ஏவுகணைகளை வைக்க, அமெரிக்கா எதிர்த்து நின்றதே 1962 கியூபா ஏவுகணை நெருக்கடி, அதைப் பற்றிக் கட்டுரை கேட்டார்கள். 13 நாளும் நடந்ததை ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தேன். 'நடந்தது எனக்கும் தெரியும். சோவியத் தலைவர் குருஷேவ் ஏன் பின்வாங்கினார்? உங்கள் வாதம் எங்கே?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்தார் பேராசிரியர். அமெரிக்காவின் கடல் முற்றுகைக்குப் பயந்தா, துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளை அகற்றுவதாக ரகசியமாகக் கிடைத்த வாக்குறுதியாலா? ஏதாவது ஒரு பக்கம் நின்று சான்றோடு வாதாட வேண்டும். அந்தப் பழக்கம் வர எனக்கு ஒரு செமஸ்டர் பிடித்தது.

படிப்பின் ருசி பிடிபட்டது அதற்கப்புறம்தான். ஒருநாள் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் 242ஆம் தீர்மானத்தைக் கையில் கொடுத்தார்கள். 1967 நவம்பரில் நிறைவேறியது, மிகச் சின்னது. அந்த ஆண்டு அரபு நாடுகளோடு நடந்த போரில் பிடித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்கிறது. ஆங்கில வாசகத்தில் வெறும் 'டெரிட்டரீஸ்' (பகுதிகள்) தான், முன்னால் 'த' (the) இல்லை. ஆகவே எல்லாப் பகுதிகளையும் விட வேண்டியதில்லை என்றது இஸ்ரேல். பிரெஞ்சு வாசகத்தில் 'தே தெரித்துவார்' என்று இருக்கிறது, அது எல்லாவற்றையும்தான் குறிக்கும் என்றன அரபு நாடுகள். தமிழில் 'த'வுக்கு ஈடான சொல்லே கிடையாது. ஆங்கிலத்தில் எழுதும்போது அதை விட்டுவிட்டுத் திட்டு வாங்கியவன் நான். அந்தக் குட்டிச் சொல்லுக்காக நாடுகள் இத்தனை ஆண்டுகளாக வாதாடுகின்றன என்று தெரிந்ததும் சிலிர்த்துப் போனேன்.

அதனால் சர்வதேசச் சட்டம், சர்வதேச அமைப்புகள் போல மூல ஆவணங்களைப் படிக்க வைக்கும் பாடங்களைத் தேடி எடுங்கள். கோட்பாட்டுப் பாடம் வறட்சியாக இருக்கும், ஆனாலும் தள்ளிப்போட வேண்டாம். மற்ற பாடங்களில் வாதாட அதுதான் கை கொடுக்கும். முடிந்தால் பிரெஞ்சோ அரபியோ கூடவே தொடங்குங்கள்.

அப்புறம் வேலை. தூதரகப் பணிக்குப் பெரும்பாலும் அந்தந்த நாட்டுக் குடியுரிமை கேட்பார்கள், அதை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். இன்டர்ன்ஷிப் கிடைத்தால், சம்பளம் இல்லாததாக இருந்தாலும், மாணவர் விசாவில் அதற்கு அனுமதி உண்டா என்று வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு சேருங்கள்.

ஒரே பாடம் மேஜருக்கும் மைனருக்கும் கணக்கில் வருமா என்று அட்வைசரிடம் இந்த வாரமே கேளுங்கள். பாடப் பட்டியலை இங்கே போட்டால், எதை முதலில் எடுக்கலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.