அண்ணப்பிளவு ஆபரேஷன் முடிந்து 12 நாள்: அனுபவம் உள்ள பெற்றோர் உதவுங்கள்

வணக்கம். என் மகளுக்கு 13 மாதம். பிறக்கும்போதே உதடும் அண்ணமும் (வாயின் மேல்பகுதி) பிளந்திருந்தன. உதட்டை 4 மாதத்தில் தைத்தார்கள். அண்ணத்தை மூடி இன்றோடு 12 நாள்.

உதடு தைத்த அன்று நான் அழுததை யாரிடமும் சொன்னதில்லை. அகலமாகச் சிரிக்கும் பழைய முகம்தான் எனக்கு என் பிள்ளை. புது முகம் பழக ஒரு வாரம் ஆனது.

இப்போது கஷ்டம் வேறு. வாயில் விரல் போட்டால் தையல் பிரிந்துவிடும் என்று, முழங்கை மடங்காதபடி இரண்டு கையிலும் கட்டு. ராத்திரி 2 மணிக்கு எழுந்து, விறைத்த கைகளை நீட்டி என் கழுத்தைத் தேடுகிறாள். கட்டிக்கொள்ள முடியவில்லை. டாக்டர் சொன்னபடி பகலில் ஒரு கைக் கட்டை மட்டும் கழற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து சொப்பு கொடுக்கிறேன். ராத்திரிக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?

பிறந்ததிலிருந்து பாலாடைக் கிண்ணத்தில்தான் குடிக்கிறாள். இப்போதும் கஞ்சியை அதில் ஊற்றி உதட்டோரம் வைத்துச் சாய்க்கிறேன், அப்புறம் இரண்டு வாய் தண்ணீர். ஆபரேஷனுக்கு முன் குடிப்பதில் கொஞ்சம் மூக்கு வழியே வந்துவிடும். நேற்று குடித்து முடித்ததும் வழக்கம்போல மூக்கைத் துடைக்கப் போனேன். துணி காய்ந்தே இருந்தது! அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் பிள்ளைகளுக்கு இட்லி, சாதம் எப்போது ஆரம்பித்தீர்கள்? அண்ணப்பிளவு இருந்தால் காதுக்குள் நீர் கோக்கும் என்கிறார்கள், கேட்கும் திறனை எந்த வயதில் பரிசோதித்தீர்கள்? இன்னும் 'மா' மட்டும்தான் சொல்கிறாள். 'பா' வர வீட்டில் என்ன பழக்கினீர்கள்? மதுரைப் பக்கம் நல்ல பேச்சுப் பயிற்சியாளர் தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.