டிரைகலர் கப்பலை ஏன் அறுத்து எடுத்தார்கள்?

அலைவரிசை:
பெரிய மிதவைக் கிரேனில் தொங்கும் ஒரு கப்பல் துண்டு, அதன் உள்ளே தளம் தளமாக நசுங்கிய கார்கள். இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் டிரைகலர் என்ற கார் ஏற்றும் கப்பலைப் பற்றித் தேடினேன். 2002 டிசம்பர் 14 விடியும் முன், ஆங்கிலக் கால்வாய்ப் பகுதியில் மூடுபனி, கரீபா என்ற கன்டெய்னர் கப்பல் வந்து இடிக்க, டிரைகலர் 2,800-க்கும் மேற்பட்ட புது பிஎம்டபிள்யூ, வால்வோ, சாப் கார்களோடு மூழ்கிவிட்டது, 24 பேரும் பிழைத்தார்கள். சரி, இதை முழுசாக மிதக்க வைத்திருக்க முடியாதா? இல்லையென்றால் அப்படியே விட்டிருக்கலாமே, கடலடியில் எத்தனையோ கப்பல்கள் கிடக்கின்றனவே?

பழைய மாலுமி:
விடவே முடியாத இடம் அது. ஆழம் சுமார் 30 மீட்டர், கப்பலின் அகலமே 32 மீட்டர் இருக்கும், அது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. நீர் வற்றும் நேரத்தில் மேல்பக்கம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். அதுவும் உலகிலேயே நெரிசல் மிகுந்த கப்பல் பாதை ஒன்றில். மூழ்கிய இரண்டாம் நாளே நிகோலா என்ற சரக்குக் கப்பல் அதன்மேல் ஏறி நின்றது. காவல் கப்பல்கள், மிதவைகள், வானொலி எச்சரிக்கை எல்லாம் இருந்தும் 2003 ஜனவரி 1 அன்று விக்கி என்ற டேங்கர் போய் மோதியது, அதில் 70,000 டன்னுக்கு மேல் டீசல் வகை எண்ணெய்! அது உடைந்திருந்தால் கதையே வேறு. பிரெஞ்சு அரசு அகற்றச் சொல்லி உத்தரவிட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

துருப்பிடித்த நங்கூரம்:
முதல் கேள்விக்கு வருகிறேன். கார் கப்பலில் தளங்கள் கிடங்கு மாதிரி நீளமாகத் திறந்தே இருக்கும், குறுக்குத் தடுப்புகள் குறைவு, அதனால் புகுந்த தண்ணீர் முழுக்கப் பரவிவிடும். இடித்த ஓட்டையை அடைத்து, தண்ணீரை இறைத்து, நிமிர்த்தி மிதக்கவிடுவது எல்லாம் பேச்சுக்குத்தான், அதுவும் அந்த நீரோட்டத்தில். மொத்தமாகத் தூக்கவோ கிரேன் கிடையாது. அதனால் முதலில் எரிபொருளை உறிஞ்சி எடுத்தார்கள் (அந்த வேலையின்போதே ஒரு வால்வு உடைந்து எண்ணெய் கசிந்து, பெல்ஜியம், பிரான்ஸ் கரைகளில் ஆயிரக்கணக்கான கடற்பறவைகள் பாதிக்கப்பட்டன). அப்புறம் ஸ்மிட் என்ற கப்பல் மீட்பு நிறுவனத்தின் தலைமையிலான குழு, கடலடியில் கால் ஊன்றி நிற்கும் இரண்டு மேடைகளை இருபுறமும் நிறுத்தி, கார்பைடு என்ற மிகக் கடினமான பொருள் பூண்ட கம்பியைக் கப்பலுக்கு அடியில் செலுத்தி, இரண்டு பேர் எதிரெதிரே நின்று மரம் அறுப்பதுபோல் இழுத்து இழுத்து அறுத்தது. மொத்தம் ஒன்பது துண்டுகளாகத் திட்டம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3,000 டன். மூழ்கிப்போன ரஷ்யாவின் கர்ஸ்க் நீர்மூழ்கியின் முன்பகுதியை 2001-ல் இப்படித்தான் அறுத்தார்கள்.

அலைவரிசை:
நன்றி. கார்கள் ஒன்றாவது விற்பனைக்குத் தேறியதா?

துருப்பிடித்த நங்கூரம்:
உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறிய பிறகா? பெல்ஜியத்தின் ஜீப்ரக்கே துறைமுகத்துக்குக் கொண்டுபோய் பழைய இரும்பாக்கினார்கள். கடைசித் துண்டுகள் குளிர்காலப் புயலில் நொறுங்கிவிட்டதால் ராட்சத இடுக்கியால் அள்ள வேண்டியதாயிற்று, 2003 கோடையில் அறுக்கத் தொடங்கிய வேலை 2004 அக்டோபரில்தான் முடிந்தது.