மறுமடல்: சந்தி லொறிக்கு நிதி – முதல் கணக்கைக் காட்டுங்கோ

எல்லாருக்கும் வணக்கம்.

எங்கட ஊர்ச் சங்கத்து லண்டன் கிளை நிதி கேட்டு எழுதின மடல் பாத்தன். ஆளுக்கு 100 பவுண், கனடாக்காரர் 200 டொலர். சந்தியில கொட்டில் போட்டு, ஊர் லொறிக் கொம்பனியின்ர பழைய பெட்போர்ட் லொறியைத் திருத்தி, நிறம் அடிச்சு, மாலை போட்டு நிப்பாட்டப் போறியள். சந்தோசம். போன மாதம் ஊருக்குப் போன மச்சாள் அந்த லொறியைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறா. என்ஜின் இல்லை, கியர்ப்பெட்டி இல்லை. முன் அச்சு அரிகல்லில நிக்குது. தட்டுப் பலகை முழுக்கக் கறையான். ஸ்டியரிங் இருந்த இடத்தில ஆமணக்கு. வளவுக்காரர் பழைய இரும்புக்காரரோட விலை பேசி முடிச்சிட்டாராம். உங்கட மடலில இது ஒரு வரியும் இல்லை. திருத்தப் போறது எதை எண்டு முதல் சொல்லுங்கோ.

நூலகக் கூரைக்குச் சேர்த்த காசின்ர கணக்கு 2019இல இருந்து வருது வருது எண்டுறியள். கேட்டால் கோவம் வருது. பொருளாளர் அண்ணை, உங்களை நான் கள்ளன் எண்டு சொல்லேல்லை. நான் அந்தக் கொம்பனிக் கணக்கப்பிள்ளையின்ர மகள், கேட்காமல் இருக்க ஏலாது.

இனி உங்கட வரலாறு. "கொழும்புக்குத் தமிழ் ஸ்ரீயோட போன முதல் லொறி" எண்டு எழுதியிருக்கிறியள். அம்பதுகளின்ர கடைசியில, வாகன இலக்கத் தகட்டில சிங்கள எழுத்தில ஸ்ரீ போடவேணும் எண்ட சட்டத்துக்கு எதிராகத் தமிழரசுக் கட்சிக்காரர் தமிழில ஸ்ரீ எழுதச் சொன்னது உண்மை. அதுக்குப் பலர் சிறைக்குப் போனதும் உண்மை. ஆனா எங்கட பெட்போர்ட் அதுக்கு முந்திப் பதிஞ்ச லொறி. அதில ரெண்டு இங்கிலீஸ் எழுத்து, நாலு இலக்கம். சிங்கள ஸ்ரீயும் இல்லை, தமிழ் ஸ்ரீயும் இல்லை. மச்சாள் அனுப்பின படத்திலயே தகட்டில பாதி தெரியுது, பெரிசாக்கிப் பாருங்கோ. பெருமைக்கு எத்தினையோ இருக்க இல்லாத ஸ்ரீயை ஏன் கொண்டுவந்து ஒட்டுவான்?

எங்கட லொறிக் கொம்பனி பஸ்ஸில தொடங்கினது எண்டது பாதிப் பேருக்குத் தெரியாது. 1958 தை முதலாம் திகதி பண்டாரநாயக்க அரசாங்கம் பஸ் எல்லாத்தையும் இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கு எடுத்தது. பஸ் போன முதலாளிமாரில லொறிக்கு மாறினவை இருக்கினம், எங்கட ஊர்க்காரரும் அதில ஒராள். றைவர்மார் அதே ஆக்கள், கராஜ் அதே கராஜ். சனத்துக்குப் பதிலா மூடை ஏறினது, அவ்வளவுதான்.

நோர்வேத் தம்பி முறிகண்டிப் பிள்ளையாரையும் அங்க விக்கிற கச்சானையும் (வேர்க்கடலை) எழுதி எங்களை அழ வைச்சிட்டார். கண்டி வீதியால போற எந்த வாகனமும் அதில நிண்டு தேங்காய் உடைச்சுத்தான் போகும், சரி. ஆனா தம்பி, நீர் பஸ்ஸில போய்க் கச்சான் தின்ட ஆள். வெங்காய லொறிக்காரனுக்கு அதில கால் மணித்தியாலமும் நிக்க நேரமில்லை.

வெங்காயம் இறுக்கி மூடினால் வேர்க்கும். வேர்த்தால் விடியமுன்னம் அழுகல் தொடங்கும். படங்கை (தார்ப்பாயை) மேலால மட்டும் இழுத்துக் கட்டி, ரெண்டு பக்கமும் காத்துப் போக விடவேணும். மழை வந்தால் கிளீனர் ஓடுற லொறியில மூடைக்கு மேல ஏறிப் படங்கை இறக்கவேணும், மழை விட்டால் திரும்பச் சுருட்டவேணும். அதுதான் பின்னேரம் சுன்னாகத்தால வெளிக்கிட்டு, ஆனையிறவு, வவுனியா, மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம், சிலாபம் எண்டு ராவோட ராவா ஓடுறது. 250 மைல் அளவு. விடியக் கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவில நிக்கவேணும். பிந்தினால் அண்டைய விலை போச்சு. புகையிலைச் சிப்பம் ஏத்தினால் இந்தப் பாடு இல்லை, நித்திரை தூங்காமல் ஓடினால் காணும்.

நான் சின்னப்பிள்ளையாக் கண்டது அப்பான்ர மேசையடி. தோட்டக்காரர் மாட்டு வண்டிலில மூடை கொண்டருவினம். ஒவ்வொரு மூடையிலயும் நீல மையால பெயரின்ர முதலெழுத்து. ஒரே எழுத்தில நாலு பேர் இருந்தால் பக்கத்தில ஒரு புள்ளி, ஒரு வட்டம், ஒரு கோடு. அப்பா ஒரு துண்டு எழுதிக் குடுப்பார்: எத்தினை மூடை, என்ன நிறை, எந்தக் கடைக்கு. கையெழுத்தும் இல்லை, முத்திரையும் இல்லை. கொழும்புக் கமிசன் கடைக்காரர் வித்துப்போட்டுக் கமிசன், லொறிக்கூலி, நாட்டாமிக்கூலி (மூடை தூக்கிறவரின்ர கூலி) கழிச்சுச் சிட்டையும் காசும் றைவரிட்டையே குடுத்துவிடுவார். ஒரு ஊரின்ர போகம் முழுக்க றைவரின்ர சாரத்து மடிக்குள்ள வரும்.

1970க்குப் பிறகு சிறிமா அம்மையார் ஆட்சியில வெங்காயம், மிளகாய் இறக்குமதியை நிப்பாட்ட, எங்கட செம்மண்ணுக்கு அடிச்ச யோகத்தை எல்லாரும் அறிவியள். இண்டைக்கு நீங்கள் படம் போடுற கல்வீடுகளில பாதி அந்த ஏழு வருசத்தில கட்டினது. கொம்பனியும் அப்பதான் பெருத்தது. அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்த காலம், வழியில மறிச்சு மூடைக்குள்ள கம்பி விட்டுக் குத்திப் பாப்பினம். 77இல ஜே.ஆர். வந்து இறக்குமதியைத் திறந்துவிட விலை விழுந்தது. ஆவணியில கலவரம். அதோட கன றைவர்மார் மதவாச்சிக்கு அங்கால போகப் பயந்தவை. போகாட்டிச் சம்பளம் இல்லை, போனவை.

83 ஆடி. இதைத்தான் உங்கட வரலாறு ஒரு வரியில தாண்டிப் போகுது: "கலவரத்தில எமது நிறுவனம் பெரும் இழப்பைச் சந்தித்தது." கொம்பனியின்ர இன்னொரு லொறி கொழும்பில எரிஞ்சது. றைவரும் கிளீனரும் ஒரு சிங்களக் கடைக்காரரின்ர பின் அறையில ஒளிச்சிருந்து, பிறகு அகதி முகாமில கிடந்து, லங்கா கல்யாணிக் கப்பலில காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினவை. உடுத்த சாரம் மட்டும். மடியில இருந்த வெங்காயக் காசு போட்டுது. அவை ஊருக்கு வந்து மூண்டாம் நாள் முதலாளிமார் அப்பாவைக் கூப்பிட்டு, அந்தக் காசை றைவரின்ர பேரில பற்று, அதாவது அவர் தரவேண்டிய கடன், எண்டு எழுதச் சொன்னவை. அப்பா எழுதேல்லை. கொப்பியைக் கக்கத்தில வைச்சுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், பேந்து அந்தப் படி ஏறேல்லை. அவர் வேலையை விட்டதுக்கு ஊருக்குள்ள என்ன கதை கட்டினவை எண்டு மேற்குத் தெருப் பெரியம்மாவுக்குத் தெரியும். அவ இந்தக் குழுவில இருக்கிறா, விரும்பினால் எழுதட்டும்.

றைவர் தன்ர தோட்டக்காணியை ஈடு வைச்சு, வெங்காயம் ஏத்தின ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் குடுத்தவர். எங்கட வீடுகளுக்கும்தான். வாங்கினவை இந்தக் குழுவிலயும் இருக்கினம், வாங்காமல் திருப்பி விட்டவையும் இருக்கினம்.

பெட்போர்ட் அதுக்குப் பிறகும் ஓடினது. 90இல பாதை மூடி, பெற்றோல் தடையாக, பெற்றோல் என்ஜின் எண்டபடியால் மண்ணெண்ணெயில ஓட்டினவை. கார்பரேற்றருக்குள்ள சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேற மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. பின்னால வாறவனுக்குக் கண் எரியும். 95 ஐப்பசி கடைசியில வலிகாமச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட அண்டு, கிழவர்களையும் கர்ப்பிணிகளையும் ஏத்திக்கொண்டு செம்மணியால சாவகச்சேரிக்குப் போனது அதே லொறிதான். ஓட்டினது முதலாளி வீட்டுப் பெடியன் இல்லை. 83இல கப்பலில வந்த கிளீனர். நீங்கள் லொறிக்குப் பக்கத்தில வைக்கப் போற கல்வெட்டில அவருக்கு இடமில்லை, முதலாளிமார் ரெண்டு பேரின்ர படத்தில எது வலப்பக்கம் எண்டு மட்டும் பிரான்சுக் கிளையோட பத்து மடலாச் சண்டை.

2002இல பாதை திறந்தபிறகு கொம்பனியைத் திருப்பித் தொடங்கப் பாத்து ஏன் சரிவரேல்லை எண்டும் குழுவில ஒரு அண்ணை கேட்டிருந்தார். ஓமந்தைச் சோதனைச் சாவடியில ஏத்தி இறக்கி, முகமாலைச் சாவடியில ஏத்தி இறக்கி, வரியும் கட்டினால் வெங்காயத்தில என்ன மிஞ்சும்? 2006 ஆவணியில பாதை திரும்ப மூடினது. பிறகு திறந்தபோது தம்புள்ளையில இருந்து மரக்கறி லொறி இஞ்சால வரத் தொடங்கிட்டுது. காரணம் அவ்வளவுதான், ஒருத்தரும் செய்வினை செய்யேல்லை.

என்ர முடிவு இது. அப்பான்ர கொப்பிகள் ஸ்காபரோவில என்ர நிலவறையில இருக்கு. அதில றைவர்மார், கிளீனர்மார், மூடை ஏத்தினவை எல்லாரின்ர பேரும் சம்பளத் திகதியோட இருக்கு. எல்லாப் பேரும் கல்வெட்டில ஏறுமெண்டால் என்ர பங்கு 200க்குப் பதிலா 500 தாறன். ஏறாதெண்டால் ஒரு சதமும் இல்லை, கொப்பியும் தரமாட்டன். லொறியைத் திருத்தத் தேவையில்லை, துருவைச் சுரண்டி ஒரு கூரை போட்டால் காணும், அதுக்கு நீங்கள் கேட்கிற தொகையில கால்வாசியும் வராது.

அந்தக் கிளீனர் இப்ப சங்கக்கடைக்குப் பின்னால மகளோட இருக்கிறார், மச்சாள் கண்டு கதைச்சவ. கதை விளங்குது, காதுதான் மந்தம். ஊருக்குப் போறவை ஆராவது போய் அவரை இருத்திக் கதைச்சுப் பதிவு செய்யுங்கோ. மழைக்குள்ள படங்கு இறக்கின கதையைக் கேளுங்கோ, கிளையின்ர வாழ்த்துச் செய்தியை வாசிச்சுக் காட்டாதேங்கோ.

பொருளாளர் அண்ணை, நூலகக் கணக்கை வர்ற ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் பிடிஎஃப் ஆக அனுப்பிவிடுங்கோ. வங்கி அறிக்கையோட.

கணக்கப்பிள்ளையின்ர மூத்த மகள்,
ஸ்காபரோ