மீன் எடைக் கணக்கில் தொட்டியின் மாறுபாடு பூஜ்யம் வருகிறது

மேலூர் பக்கம் 9 சிமெண்ட் தொட்டிகளில் ரோகு வளர்த்தேன். 3 தீவனம், தீவனத்துக்கு 3 தொட்டி, தொட்டிக்கு 10 மீன். எல்லாவற்றுக்கும் டேக் போட்டு 15 நாளுக்கு ஒருமுறை எடை, மொத்தம் 8 முறை. நடுவில் 14 மீன் போய்விட்டன (வெயில் பாதி, கொக்கு பாதி).

முதலில் ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா (ஒரே மீனைப் பலமுறை அளந்த எடைகளை வைத்துச் சராசரிகளை ஒப்பிடும் சோதனை) பார்த்தேன். ஸ்பெரிசிட்டி (எந்த இரு முறை எடைகளை எடுத்தாலும் அவற்றின் வித்தியாசத்தின் மாறுபாடு ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை) தேறவில்லை, அதற்கான கிரீன்ஹவுஸ்-கீசர் திருத்தம் போட்டேன். ஆனால் ஓர் எடை விடுபட்டாலும் அந்த மீனையே தூக்கி எறிகிறது. அப்புறம் ஆர் மென்பொருளில் எல்எம்இ4 (கலப்பு மாடல் போடும் தொகுப்பு). மீன், தொட்டி இரண்டும் ரேண்டம் (மீனுக்கு மீன், தொட்டிக்குத் தொட்டி எடை எவ்வளவு மாறுகிறது என்று கணிக்கும் பகுதி). ‘சிங்குலர் ஃபிட்’ என்கிறது, அதாவது தொட்டிக்குத் தொட்டி உள்ள மாறுபாடு (வேரியன்ஸ்) பூஜ்யம் என்று வருகிறது. லாக் எடுத்தும், ஆப்டிமைசர் (மாடலின் மதிப்புகளைத் தேடும் கணக்குமுறை) மாற்றியும் அதே கதைதான்.

வழிகாட்டி தொட்டியை எடுத்துவிடச் சொல்கிறார். தீவனம் போட்டது தொட்டிக்குத்தானே, மீனுக்கு இல்லையே! மாறுபாடு பூஜ்யம் என்றாலும் தொட்டியை மாடலில் வைத்திருக்கலாமா?